'போல்' வந்தால் உவமையா? அணி இலக்கணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்யுளுக்கு அழகு சேர்க்கும் அணிகளைப் பற்றிய அணி இலக்கணம் கற்க வரும் மாணவர்களின் விடைத்தாள்களில், பள்ளிப் பருவத்தில் நான் செய்த அதே தவறுகளை ஆண்டுதோறும் காண்கிறேன். எதுகையை மோனை என்று எழுதுவது போன்ற சறுக்கல்கள் பயிற்சியில் தாமே மறையும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உருபை மட்டும் தேடுதல்

நன்னூல் 'போல' தொடங்கி 12 உவம உருபுகளை, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொற்களை, பெயர் சொல்லித் தருகிறது. அவற்றை மனப்பாடம் செய்தவர், செய்யுளின் பொருளைப் பாராமல் உருபை வட்டமிட்டு 'உவமையணி' என்று எழுதிவிடுகிறார். மதுரையை நெருங்கும் கோவலனையும் கண்ணகியையும் நோக்கிக் கோட்டைக் கொடிகள் "'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று வரும் சிலப்பதிகார அடிக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். 'போல்' என்பதன் கீழ் அழுத்தமாகக் கோடும் இட்டேன். மதிப்பெண் போனதைவிட, வரப்போகும் துயரை இளங்கோவடிகள் அங்கேயே உணர்த்திவிட்டது என் கண்ணில் படாமல் போனதுதான் பெரிய இழப்பு.

காற்றில் கொடி அசைவது இயல்பு. அந்த அசைவின்மேல் 'வர வேண்டா' என்ற தம் குறிப்பைப் புலவர் ஏற்றுவதால் அது தற்குறிப்பேற்ற அணி. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்னும் 151ஆம் குறளிலோ, தன்னைத் தோண்டுபவரை நிலம் தாங்குவது நாம் நாளும் காண்பது. அது பொறுமைக்கு ஒப்பாக நிற்பதால் இது உவமையணி. உருபு ஒன்றுதான்; அது செய்யும் வேலை வேறு.

முதற்குறளில் உருபே இல்லை. எழுத்துகளுக்கு அகரம் முதலாவதும் உலகுக்கு ஆதிபகவன் முதலாவதும் அருகருகே நிற்க, 'அதுபோல' என்பதை நாமே வருவித்துக்கொள்வதால் அது எடுத்துக்காட்டு உவமையணி. சென்ற வாரம் ஒரு மாணவர் இதற்கு 'அணி இல்லை' என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 'போல வந்தால் உவமை' என்று ஒற்றை வரியில் அச்சிட்டுத் தரும் கையேடுகள்மேல்தான் இன்றும் கோபம் வருகிறது.

மதிமுகமும் முகமதியும்

'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம்; ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிடுவதால் அது உவமை. 'முகமதி' என்றால் முகமாகிய மதி; ஒன்றையே மற்றொன்றாகச் சொல்வதால் அது உருவகம்.

பாதி உருவகம்

"பிறவிப் பெருங்கடல்" எனத் தொடங்கும் 10ஆம் குறளில் பிறவி கடலாகிறது. கடக்கத் துணையாகும் இறைவன் அடி தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. ஆகவே, ஒரு பகுதியை மட்டும் உருவகிக்கும் 'ஏகதேச உருவகம்' என்றே எழுத வேண்டும்.

பிறிதுமொழிதல்

மயிற்பீலியை அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சும் முறியும் என்கிறது 475ஆம் குறள். எளியவர்தாமே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசனே அது உணர்த்தும் பொருள்; ஆனால் அவன் அதில் ஓரிடத்திலும் வரவில்லை. இப்படி உவமையை மட்டும் சொல்லிக் கருத்தை உணரவைப்பதே பிறிதுமொழிதல். அவனைக் குறளின் சொற்களில் தேடி உவமேயமாக (ஒப்பிடப்படும் பொருளாக) எடுத்தெழுதாதீர்கள்.