லாகோஸுக்கு ஆஃபீஸ் வேலையாகப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

நைஜீரியாவின் லாகோஸுக்கு முதல்முறை போகிறவர்களுக்கான குறிப்பு இது. விசாவும் டிக்கெட்டும் கம்பெனி பாடு. டிக்கெட்டில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பகலில் இறங்கும் விமானம். ஐந்தாயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

படி 1: ஊசியும் மாத்திரையும்

பலர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதுவும் ஊர் திரும்பும்போது. நைஜீரியாவிலிருந்து வருபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். முந்தின நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு, நாலே நாளில் வேலை முடித்துத் திரும்பினால் சிக்கல்தான்.

அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. தெருமுனை கிளினிக் சீட்டு எடுபடாது. ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும் என்பது 2016 ஜூலை முதல் விதி. பழைய மஞ்சள் புத்தகத்தில் (இதுதான் அந்தத் தடுப்பூசிச் சான்று) 10 ஆண்டு என்று அச்சாகியிருந்தாலும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மலேரியாவுக்கு ஊசியை நம்ப முடியாது, மாத்திரைதான். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின்னும் 7 நாள். டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் திரும்பிய பின் 4 வாரம் விழுங்க வேண்டும். பாதியில் விடுபவர்களே அதிகம். எது ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

படி 2: விமான நிலையத்திலிருந்து வெளியே

முர்தலா முகமது விமான நிலையம் இக்கேஜாவில் இருக்கிறது. ஹோட்டல் பெரும்பாலும் விக்டோரியா ஐலண்டிலோ இக்கோயியிலோ இருக்கும். இடையில் இருபது கிலோமீட்டருக்கு மேல், பாலம் தாண்டிப் போக வேண்டும். டிராஃபிக்கில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. பயணத்திலேயே கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான்.

உங்கள் பெயரை அட்டையில் எழுதிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். அட்டையைப் பார்க்கும் எவனும் அதே பெயரை இன்னொரு அட்டையில் எழுதிக்கொண்டு உங்களுக்கு முன்னால் வந்து நிற்கலாம். பதிலாக:

- டிரைவர் பெயர், போட்டோ, வண்டி எண் மூன்றும் கிளம்பும் முன்பே போனுக்கு வர வேண்டும்.
- நான்கு இலக்க எண் ஒன்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர்தான் முதலில் சொல்ல வேண்டும். "நீங்க இந்தக் கம்பெனி டிரைவரா?" என்று நீங்கள் கேட்டால், வருகிற பதில் "ஆமாம்" மட்டும்தான்.
- ஆள் வரவில்லையா? உள்ளேயே உட்கார்ந்து போன் போடுங்கள். வெளியே கூப்பிடுகிற டாக்சியில் ஏறாதீர்கள்.

வண்டியில் கதவு பூட்டி, கண்ணாடி ஏற்றி இருக்கட்டும். நெரிசலில் வண்டி ஊரும்போது ஜன்னலோரம் போனை நோண்டுவதுதான் பறிகொடுக்க எளிய வழி. லேப்டாப் பை டிக்கியில்.

துப்பாக்கியோடு வழிமறித்தால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். கைகள் அவர்கள் கண்ணில் படட்டும். சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமென்றால் சொல்லிவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். சட்டென்று இடுப்புக்குக் கை போனால் ஆயுதம் எடுப்பதாக நினைத்துவிடுவார்கள். இதற்காகவே கொஞ்சம் நைரா (அந்த நாட்டுப் பணம்), காலாவதியான கார்டு ஒன்று போட்ட இரண்டாவது பர்ஸ் சட்டைப் பையில் இருப்பது நல்லது.

படி 3: ஹோட்டல்

3 முதல் 6ஆம் மாடிக்குள் அறை கேளுங்கள். வெளியிலிருந்து ஏற முடியாத உயரம், தீயணைப்பு ஏணிக்கு எட்டும் உயரம். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று கொண்டுபோங்கள். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்தான், விலை கூடின அலாரம் கருவிகளைவிட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

படி 4: போனும் பணமும்

உள்ளூர் சிம்மைத் தனி போனில் போடுங்கள். அங்கேயும் ஏர்டெல் உண்டு, ஆனால் உங்கள் இந்திய ஏர்டெல் நம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வங்கி ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த போனை ஹோட்டல் லாக்கரில் வையுங்கள். ஏடிஎம் தேவைப்பட்டால் வங்கிக்கு உள்ளே இருப்பதில் மட்டும், பகலில்.

அவசரத்துக்கு லாகோஸில் 112 அல்லது 767. இந்திய ஹை கமிஷன் இருப்பது தலைநகர் அபுஜாவில். லாகோஸ் விக்டோரியா ஐலண்டிலும் அதற்கு அலுவலகம் உண்டு. எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், போன் பறிபோனால் கான்டாக்ட் லிஸ்ட்டும் கூடவே போய்விடும்.

படி 5: சந்திக்கப் போகும் கம்பெனி

நைஜீரியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கார்ப்பரேட் அஃபேர்ஸ் கமிஷன் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பதிவு இருப்பதால் மட்டும் நல்லவர் ஆகிவிட மாட்டார், பதிவே இல்லையென்றால் போகவே வேண்டாம். முன்பணம் கேட்டாலோ, சந்திக்கும் இடத்தைக் கடைசி நேரத்தில் ஊருக்கு வெளியே மாற்றினாலோ, ரத்து செய்துவிடுங்கள். பெட்ரோலியச் சரக்கு மலிவாகத் தருகிறேன் என்று மெயில் வந்தால் டிக்கெட்டே போட வேண்டாம்.

பின்சேர்க்கை: மஞ்சள் புத்தகத்தில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கிறது, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக "நைஜீரியா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. அங்கே பரவுவது ஃபால்சிபேரம் வகை மலேரியா, ஓரிரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்து.