அலுமினா–நிக்கல் நானோ பவுடர்: கலக்குறத விட காய வைக்கிறதுதான் கஷ்டம்

புதுசா நானோகாம்போசிட் (நானோ அளவுத் துகள் கலந்த கூட்டுப் பொருள்) பண்றவங்க நிறைய பேர் கலக்குறதுக்கு அவ்ளோ மெனக்கெட்டுட்டு கடைசில தட்டுல ஊத்தி 110 டிகிரி ஓவன்ல வச்சுட்டு போயிடுறாங்க. மறுநாள் பாத்தா ஓரம் பூரா பச்சை, நடுவுல வெளுத்துப் போயிருக்கும். தண்ணி ஆவியாகிற பக்கமே கரைஞ்சிருக்கிற நிக்கல் நைட்ரேட்டும் நகர்ந்து போயிடும், அது போதாதுன்னு துகளுக்கு நடுவுல இருக்கிற தண்ணி வத்தும்போது கேப்பிலரி விசை (சின்ன இடுக்குல இருக்கிற தண்ணியோட இழுவிசை) துகள்கள இழுத்து ஒட்டிடும், அந்தக் கட்டிய அப்புறம் அரைச்சாலும் முழுசா உடையாது. ஐஸாக்கி அப்படியே ஆவியாக்கிட்டா இந்த ரெண்டு தொல்லையும் பெரும்பாலும் வராது, அதான் ஃப்ரீஸ் டிரையிங்.

ஸ்டெப் 1: அலுமினா 20 கிராம், நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் சுமார் 12 கிராம், தண்ணி 100 மில்லி. கடைசில கனஅளவுல 5 சதவீதம் நிக்கல் வரும். நிக்கல் உப்பு கேன்சர் வரவைக்கிற சாமான், கிளவுஸ் மாஸ்க் இல்லாம தொடாதீங்க. ராத்திரி பூரா பால் மில்ல (ball mill, உருண்டைகள் போட்டு அரைக்கிற மெஷின்) ஓடட்டும்.

ஸ்டெப் 2: இதுலதான் அவசரமே வேணும், மெதுவா உறைய விட்டா வளர்ற ஐஸ் உப்பையும் துகளையும் ஒதுக்கித் தள்ளிடும், அதனால ஃப்ளாஸ்க்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாம லிக்விட் நைட்ரஜன்ல சுத்திக்கிட்டே இருங்க, சுவர்ல மெல்லிசா உறையும். எத்தனால் கலந்துடாதீங்க, மைனஸ் 114 வரைக்கும் அது உறையாது, ஃப்ரீஸ் டிரையரோட வேக்குவம் பம்புக்கும் கேடு.

ஸ்டெப் 3: உறைஞ்ச ஃப்ளாஸ்க ஃப்ரீஸ் டிரையர்ல மாட்டுங்க. பிரஷர் 611 பாஸ்கலுக்கு கீழ இருந்தாத்தான் ஐஸ் உருகாம ஆவியாகும், நடைமுறைல 10, 20 பாஸ்கல்ல ஓட்டுங்க. வெளிப்பக்கம் இன்னும் சில்லுனு இருந்தா உள்ள ஐஸ் பாக்கி இருக்குன்னு அர்த்தம், ஆசைப்பட்டு சூடு ஏத்துனா உருகி மறுபடி பழைய கதைதான். முடிஞ்சதும் டக்குனு மூடிடுங்க, ஈரம் இழுக்கும்.

ஸ்டெப் 4: காய்ஞ்ச பவுடர காத்துல 450 டிகிரில சூடாக்குங்க, நைட்ரேட் சிதைஞ்சு நிக்கல் ஆக்சைடாகும். பழுப்புப் புகை வரும், விஷம், ஃப்யூம் ஹூட் (புகைய வெளிய இழுக்கிற லேப் அடைப்பு) கட்டாயம். அப்புறம் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கான்ல 600 டிகிரி, ஆக்சைடு நிக்கலா மாறும். ஆறுனதும் உடனே தொறக்காதீங்க, நானோ நிக்கல் காத்து பட்டா தானா பத்திக்கும், ஆர்கான்லயே நல்லா ஆற விட்டு கொஞ்சம் கொஞ்சமா காத்த விடுங்க. காந்தத்துல ஒட்டுனா நிக்கல் ஆயிடுச்சு.

ஃப்ரீஸ் டிரையர் இல்லையா? ஸ்ப்ரே டிரையர் (கலவைய சின்னத் துளியா சூடான காத்துல தெளிச்சு காய வைக்கிற மெஷின்) கிடைச்சா அதுவும் ஓகேதான், ஒவ்வொரு துளியும் சில நொடில காயிறதால உப்பு நகர்ந்தாலும் அந்தத் துளிக்குள்ளதான் நகர முடியும், ஆனா சில சமயம் உருண்டை உள்ள காலியா வந்துடும், பவுடர அழுத்தி பிரஸ் பண்றதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப்புல பாத்துக்கோங்க.