செமிட்டிக் என்பது இனத்தின் பெயரல்ல: அரபு வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபுலக வரலாறு பற்றி எழுத வரும் இளைஞர்கள் கட்டுரைகளை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. ஆண்டு மாறிப்போவது, பெயரில் எழுத்துப் பிசகுவது எல்லாம் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியவை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த குழியிலேயே அவர்களும் விழுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மொழிக் குடும்பத்தை இனமாக்குவது

போன மாதம் வந்த கட்டுரையின் முதல் வரி: “அக்காடியர், கானானியர், அரமேயர், அரபியர் அனைவரும் அரேபியப் பாலைவனத்திலிருந்து அலை அலையாகக் கிளம்பிய ஒரே செமிட்டிக் இனம்.” என் முதல் நூலுக்கு நான் எழுதிய அத்தியாயமும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. அறுபது பக்கம். அதைப் படித்த பெரியவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்படியானால் மால்டாக்காரர்கள் யார் தம்பி?” ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவின் மொழி செமிட்டிக் என்ற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுதுவது லத்தீன் எழுத்தில், பேசுவோரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கும் அதே குடும்பம்தான். அறுபது பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். எட்டு மாத உழைப்பு.

செமிட்டிக் என்ற பெயரே 1781இல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் அச்சில் ஏற்றியது. ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் வரும் நோவாவின் மகன் சேமிடமிருந்து எடுத்தார். அந்த அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கானான் அங்கே நோவாவின் இன்னொரு மகனான காம் என்பவரின் மகன், ஏலாம் சேமின் மகன். ஆனால் கானானிய மொழிகள் செமிட்டிக், பழைய ஈரானின் ஏலாமிய மொழி செமிட்டிக் அல்ல. வம்ச அட்டவணையும் மொழிக் குடும்பமும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டுமா?

அலைக் கதை எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அறிஞர்கள் முன்வைத்த ஊகம் அது. அரபு தேசியவாதிகள் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஆதிக்கம் செலுத்திய நாடுகளில், லெபனானில் சிலர் ‘நாங்கள் பழங்காலக் கடலோடிகளான ஃபினீசியர்’ என்றார்கள், எகிப்தில் சிலர் ‘நாங்கள் ஃபாரோக்களின் வாரிசுகள்’ என்றார்கள். பாலைவன அலை அத்தனை பேரையும் ஒரே அரபு வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1930களில் ஈராக்கின் பள்ளிப் பாடநூலுக்குள்ளும் அது நுழைந்தது. இளைஞர்கள் அதைப் பழைய பாபிலோனுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது 1930களின் பாக்தாதுக்குத்தான் சான்று. அப்படிப் படித்தால் பொன்னான ஆவணம்.

‘அரபு’ என்றதும் தேசம் என்று படிப்பது

கி.மு. 853இல் கர்கர் போரில் அசிரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசரை எதிர்த்த அணியில் அரபியன் கிந்திபு 1,000 ஒட்டகங்களோடு நின்றான் என்று அசிரியக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே தேசம் எதுவும் இல்லை. வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனும் 14ஆம் நூற்றாண்டில் ‘அரபு’ என்ற சொல்லைப் பல இடங்களில் நாடோடிகளைக் குறிக்கவே எழுதினார்.

தெற்கு சிரியாவின் நமாராவில் கிடைத்த கி.பி. 328ஆம் ஆண்டுக் கல்வெட்டு இம்ருல் கைஸ் என்ற மன்னனை ‘அரபு அனைத்துக்கும் அரசன்’ என்கிறது. உடனே ‘முதல் அரபு தேசியவாதி’ என்று எழுதிவிடுகிறார்கள். கல்லைப் பாருங்கள்: மொழி அரபு, எழுத்து நபாத்தியம் (பெட்ரா நகர மக்களின் பழைய எழுத்து), ‘மகன்’ என்பதற்கு நிற்கும் ‘பர்’ அரமேயச் சொல். ‘அரபு’ அங்கே மக்களா, நிலப்பகுதியா என்பதே அறிஞர்களிடையே தீராத வழக்கு.

கவ்மிய்யா, வதனிய்யா இரண்டையும் ‘தேசியம்’ என்று பெயர்ப்பது

இரண்டும் அரபுச் சொற்கள்: கவ்மிய்யா அரபியர் அனைவரையும் ஒன்றாகக் கருதும் பற்று, வதனிய்யா அவரவர் நாட்டின் மீதான பற்று.

அரபு தேசியத்தை இஸ்லாமாக்குவது

இரண்டும் ஒன்றல்ல: அரபு தேசியவாத பாத் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான மிஷேல் அஃப்லக் கிறிஸ்தவர்.

தலைவர்களின் எழுத்தை மட்டும் படிப்பது

அரபு தேசியச் சிந்தனையாளர் சாத்தி அல்-ஹுஸ்ரி மொழியே தேசம் என்று எழுதியதைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் எழுத்தறியாத விவசாயியிடம் அந்தக் கருத்தைக் கொண்டுபோனது வானொலி. 1953இல் கெய்ரோவில் தொடங்கிய ‘சவ்த் அல்-அரப்’ (அரபியரின் குரல்) ஒலிபரப்பைக் காப்பிக் கடைகளில் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். 1956 ஜூலை 26 அன்று சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்திய அதிபர் நாசரின் பேச்சும் வானொலி வழியாகவே ஊர் ஊராகப் போனது. 1967 ஜூனில் இஸ்ரேலுடனான போரில் எகிப்திய விமானங்கள் தரையிலேயே எரிந்துகொண்டிருந்தபோது அதே சவ்த் அல்-அரப் வெற்றிச் செய்தி வாசித்தது.