சாவி நுழையாத எக்ஸ்பேண்டர்

என் பத்து வயது மகளின் குறுகிய மேல்தாடையை விரிக்க அண்ணத்தில் எக்ஸ்பேண்டர் மாட்டியிருக்கிறோம். தினம் அதன் திருகிலுள்ள துளையில் சாவியை விட்டு ஒரு தள்ளு, 0.25 மி.மீ. விரியும். மூன்றாம் நாள் துளையே தெரியவில்லை. கவுனி அரிசி அடைத்திருக்கும் என்றார் அப்பத்தா. பிரஷ்ஷால் தேய்த்தோம், வெந்நீரில் கொப்பளித்தாள், இரண்டு நாள் போனது.

காரைக்குடி வீட்டு வளவில், வெயில் விழும் இடத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன். பழைய துளை பாதி வழியில் நின்றிருந்தது! சாவியை வாயின் முன்பக்கம் இழுத்து உருவியதில் திருகும் கூடவே திரும்பியிருக்கிறது. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, அதே துளையில் சாவியை விட்டு, அடுத்த துளை முழுசாகத் தெரியும்வரை தொண்டைப்பக்கம் தள்ளினேன். பின்பக்கமாகவே சாய்த்து எடுத்தேன். அதன்பின் ஒருநாளும் சிக்கவில்லை. தாடை விரிவதற்கு அடையாளமாக முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததும்தான் நிம்மதி.