இன்ஜின் சத்தத்துக்கு ஆயில் கிரேடு காரணமா? மாற்றும் முன் வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கார் இன்ஜின் சத்தம் போட்டால், "கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊத்துங்க, அடங்கிடும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். எங்கள் பழைய பெட்ரோல் காருக்கும் அதுதான் நடந்தது. மேனுவலில் இருந்தது 5டபிள்யூ-30. ஒரு ஒர்க்‌ஷாப்பில் 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார்கள். சூடான பிறகு சத்தம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் மார்கழியில் கொடைக்கானல் போனபோது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது மாதிரி நாலைந்து விநாடி ஒரு சத்தம். அதற்கு முன் அந்தக் காரில் அதைக் கேட்டதே இல்லை. அன்றுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கேனில் இருக்கும் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். கிரேடு என்பது ஆயிலின் தரத்தைச் சொல்வதில்லை. அது எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்கிறது. டபிள்யூ என்றால் விண்டர். அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். சின்ன எண் என்றால் குளிரில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் அளந்தது. 30 கிரேடு என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5-லிருந்து 16.3 வரை, 50 என்றால் 16.3-லிருந்து 21.9 வரை.

"நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ தண்ணி மாதிரி ஆயிடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. 40 டிகிரியில் 5டபிள்யூ-30 ஆயில் பொதுவாக 60 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். அதாவது நம் கோடைப் பகலில்கூட, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. 20டபிள்யூ-50 அதே சூட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. மலைக் குளிரில் இன்னும் மோசம். ஸ்டார்ட் செய்ததும் அது இன்ஜின் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். எங்கள் கார் கொடைக்கானலில் கத்தியது அதனால்தான்.

சரி, இப்போது வேலையைத் தொடங்கலாம்.

படி 1: மூன்று நேரத்தில் கேளுங்கள். இதற்கு மட்டும் அவசரப்படவே கூடாது. ராத்திரி முழுக்க நின்ற காரை, பானெட்டைத் திறந்து வைத்து, போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, நியூட்ரலில் ஐட்லிங்கில் விட்டு, போனை அதே இடத்தில் வைத்துப் பதியுங்கள். மூன்றாவது, மேடு ஏறும்போது கேட்பது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பதிந்தால் நல்லது.

காலையில் சில விநாடி மட்டும் கடகடத்து அடங்கினால், ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது. கிரேடு அதிகக் கெட்டியாக இருக்கலாம். ஆயில் ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள். இன்ஜின் நின்றபின் ஆயில் கீழே வடியாமல் தடுக்க, பல ஃபில்டர்களின் உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது.

காலையில் அமைதி, நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் 'டிக் டிக்' என்றால், ஆயில் பழையதாகி இளகியிருக்கலாம், அல்லது தேய்ந்த இன்ஜினுக்கு அந்த கிரேடு போதாமல் இருக்கலாம். ஹைட்ராலிக் டேப்பெட் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்து வால்வைத் தள்ளும் பாகம்) உள்ள இன்ஜினில் இதை நன்றாகவே கேட்கலாம். டேப்பெட்டுக்குள் ஆயில் அழுத்தம் தங்கினால்தான் வால்வு பக்கத்து இடைவெளி மூடும். எல்லா இன்ஜினிலும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது. மற்றவற்றில் இடைவெளி கூடியிருந்தால் டேப்பெட் செட்டிங்தான் செய்ய வேண்டும். எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது.

மேடு ஏறும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்டால், பேரிங் தேய்ந்திருக்கலாம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும் உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

படி 2: அளவைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் குறைந்தாலும் சத்தம் வரும். மேல் கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அடியில் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் அடித்து நுரையாக்கி, அதனாலும் வரும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

படி 3: மேனுவலையும் கடைசி சர்வீஸ் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் இருக்கும் கிரேடு மேனுவலில் இல்லையென்றால், மேனுவல் சொல்வதற்குத் திரும்புங்கள். ஒத்துப்போகிறது, ஆனாலும் சூட்டில் டிக் டிக் வருகிறது, வண்டியும் நிறைய ஓடியிருக்கிறது என்றால், மேனுவல் அனுமதிக்கும் பட்டியலுக்குள் ஒரே ஒரு படி மேலே போகலாம். 5டபிள்யூ-30-லிருந்து 5டபிள்யூ-40. முன் எண்ணைத் தொடாதீர்கள். பி.எஸ்.6 (புகை அளவு விதி) டீசல் கார் வைத்திருப்பவர்கள் கிரேடோடு நிற்காமல், மேனுவலில் சொன்ன ஆயில் வகையையும் கட்டாயம் பாருங்கள். தவறான வகை ஊற்றினால், புகைபோக்கி வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டி.பி.எஃப்) சாம்பலால் அடைபடும்.

படி 4: மாற்றுங்கள். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்தால் பழைய ஆயில் நன்றாக இறங்கும். புது ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். மேனுவல் சொல்லும் அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கசிவு பார்த்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

படி 5: அதே மூன்று நேரத்தில் மறுபடி பதிந்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். நினைவை நம்பினால் காசு செலவழித்த காது சத்தம் குறைந்துவிட்டதாகவே சொல்லும்.

எங்கள் காரில் 5டபிள்யூ-30-க்குத் திரும்பிய பிறகு, காலைக் கடகடப்பு ஒரு விநாடிக்குள் அடங்கிவிட்டது. மெல்லிய டிக் டிக் மட்டும் சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி இருந்தது. மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் வைத்து, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். இன்ஜெக்டர் திறந்து மூடும் சத்தம்தான் அது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.