கபரகொய்யா வளவுக்குள் வந்தால்

கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வேண்டாத விருந்தாளியைச் சண்டையில்லாமல் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். உறவினரைச் சொல்லவில்லை, தண்ணீரிலும் கரையிலும் திரியும் பெரிய உடும்பு வகையான கபரகொய்யாவைச் சொல்கிறேன். கால்வாய்க் கரையிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது யார் என்று பாருங்கள். தண்ணீரில் ஒரு தலை நகர்ந்தால் போதும், எங்கள் மாடியிலிருந்து யாராவது "முதலை!" என்று கத்திவிடுவார்கள். பிளந்த நாக்கு வெளியே நீண்டு நீண்டு உள்ளே போகிறதா? அப்படியானால் முதலையில்லை. முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது. கரைக்கு ஏறிவிட்டால் மூக்கைக் கவனியுங்கள். கபரகொய்யாவின் மூக்குத் துளைகள் முகத்தின் நுனியில் இருக்கும், தரையில் வாழும் சாதாரண உடும்புக்குச் சற்றுப் பின்தள்ளி, கண்பக்கமாக இருக்கும். கபரகொய்யாவின் கருத்த முதுகில் மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். குட்டிகளில் அவை பளிச்சென்று தெரியும், வயதேற ஏற மங்கிவிடும்.

ஆறடி நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு இதே இனக்குடும்பந்தான். அது பத்தடி வரை வளர்ந்து மானையே வீழ்த்தும். நம்முடையதற்கு மீன், நண்டு, எலி, முட்டை, செத்த பிராணி போதும். அதாவது அது தேடி வருவது உங்களை அல்ல, உங்கள் குப்பையை. மீன் வெட்டிய கழிவைப் பையில் கட்டி மதிலோரம் வைப்பவர்கள் பிறகு என்னிடம் முறையிட வருவதில் பொருளில்லை. மூடியுள்ள வாளியில் போடுங்கள். கோழி வளர்த்தால் கூட்டின் கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்குங்கள், இது நன்றாகத் தோண்டும்.

இனி அனுப்பும் முறை. நாயைக் கட்டுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், கேற்றை அகலத் திறவுங்கள். பிறகு கேற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், தள்ளி நின்று, தும்புத்தடியால் தரையில் தட்டுங்கள். அதன் மேல் தட்டக் கூடாது. விடிகாலையில் வந்திருந்தால் வெயில் ஏறும்வரை விட்டுவிடுங்கள். உடம்பு சூடாகும்வரை அது மந்தமாகத்தான் கிடக்கும், என்ன கத்தினாலும் அசையாது.

மூலையில் மாட்டிக்கொண்டால்தான் வில்லங்கம். தொண்டை ஊதும், மூச்சு சீறும், உடலைப் பக்கவாட்டில் திருப்பி வாலை வில்லாக வளைக்கும். பக்கவாட்டில் தட்டையான அந்த வால் நீந்துவதற்குத் துடுப்பு, தரையில் சாட்டை. வால் வளைந்ததைக் கண்டதும் பின்வாங்குங்கள், அடி நேரே முழங்காலுக்குத்தான் வரும். நீங்கள் விலகினால் வந்த வழியே போய்க் கால்வாயில் இறங்கும். கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு, வாலை மட்டும் அசைத்து நீந்திப்போகும் அழகை மதிலுக்கு மேலால் தாராளமாக ரசிக்கலாம்.

கல்லெறியும் இளைஞர்களுக்கு: 1937ஆம் ஆண்டின் வனவிலங்குக் கட்டளைச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. ஆனாலும் சட்டத்தைவிட இதைக் காப்பாற்றியது, இதன் கொழுப்பிலிருந்து கொலைநஞ்சு காய்ச்சுவார்கள் என்ற பழங்கதைதான் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கெட்ட பெயர் இல்லாத அப்பாவி உடும்பு சட்டிக்குப் போகிறது.

கிணற்றிலோ அறைக்குள்ளோ அகப்பட்டு வெளியேற வழியில்லை என்றால் மட்டும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். சாக்கைப் போட்டுப் பிடிக்கும் வீரம் வேண்டாம். அதன் வாய் அழுகலைத் தின்ற வாய். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்புத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.