பிரெஞ்சுக் கதைகளின் இறந்தகாலம்: பாஸே சேம்ப்ள் வடிவங்களை அமைக்கும் முறை

பிரெஞ்சில் அடிப்படை வகுப்புகளை முடித்துவிட்டு ஆசையாக ஒரு கதைப் புத்தகத்தைத் திறப்பவர்கள், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்கள். வகுப்பில் கேட்டே இராத வினை வடிவங்கள் வரிக்கு வரி வரும். அவைதான் பாஸே சேம்ப்ள், எழுத்து வழக்குக்கு உரிய இறந்தகாலம். 'நேற்று கடைக்குப் போனேன்' என்று இன்று பேச்சில் சொல்ல பாஸே கொம்போஸே இருக்கிறது. கதை சொல்லவும் வரலாறு எழுதவும் பாஸே சேம்ப்ள். ஒரு காலத்தில் இவை வேறு விதமாகப் பிரிந்திருந்தன. 1660-இல் வெளியான 'போர் ரொயால் இலக்கணம்' என்ற நூல், குறைந்தது ஒரு நாளாவது கடந்துபோன நிகழ்ச்சிக்குத்தான் பாஸே சேம்ப்ள் வரும் என்கிறது. அந்த வேறுபாடு மறைந்து, இந்தக் காலம் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி. இதைப் பேசத் தேவையில்லை, படித்துப் புரிந்தால் போதும். கதையில் பெரும்பாலும் வருவது 'அவன், அவள், அவர்கள்'தான். ஆகவே படர்க்கை ஒருமை, படர்க்கை பன்மை இரண்டையும் முதலில் பிடியுங்கள். பிரான்சில் 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமும் சுமார் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் படர்க்கை வடிவங்களைத்தான் கேட்டது. அங்கே அதற்குப் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. என்னைக் கேட்டால், புதிதாகக் கற்கும் நமக்கு அந்த வரிசைதான் சரி.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. பிரெஞ்சு எழுத்துகளை, நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களால் 'ஏ', 'ஐ', 'எஸ்', 'டீ' என்று சொல்கிறேன். ஒலியை மேற்கோள் குறிக்குள் தமிழில் தருகிறேன். 'யூ' என்று நான் எழுதும் இடங்களில் 'ய' ஒலி கிடையாது. 'ஈ' சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருவதுதான் அந்த ஒலி.

படி 1: வாலைக் கற்றுக்கொள்ளுங்கள்

தமிழ் வினையைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிப்போம் அல்லவா? செய்தான், கண்டான், சென்றான், ஓடினான் என்பவற்றில் த், ட், ற், இன் மாறுகின்றன, 'ஆன்' மாறுவதில்லை. பாஸே சேம்ப்ளையும் ஏறக்குறைய அப்படியே பார்க்கலாம். இங்கே நடுவில் வருபவை ஏ, ஐ, யூ, ஐ-என் என நான்கு. விகுதிகளின் வரிசை இது:

நான்: எஸ்
நீ: எஸ்
அவன், அவள்: டீ
நாம்: எம்-ஈ-எஸ்
நீங்கள்: டீ-ஈ-எஸ்
அவர்கள்: ஆர்-ஈ-என்-டீ

ஒருமையில் எஸ், டீ இரண்டும் ஒலிக்காது. 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும் நடு உயிரெழுத்தின் தலையில் கூரை போன்ற ஒரு குறி வரும். அதன் பெயர் சிர்கோன்ஃப்ளெக்ஸ்.

படி 2: 'ஏ' குடும்பம்

அகராதி வடிவம் ஈ-ஆர் என்று முடியும் வினைகள் எல்லாம் இங்கே. பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்த வகைதான். ஈ-ஆரை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். 'பார்லே' (பேசுதல்) என்ற வினையை எடுத்துக்கொள்வோம்:

நான் பேசினேன்: 'ஜெ பார்லே', முடிவு ஏ-ஐ
நீ பேசினாய்: 'த்யூ பார்லா', முடிவு ஏ-எஸ்
அவன் பேசினான்: 'ஈல் பார்லா', முடிவு வெறும் ஏ
நாம் பேசினோம்: 'நூ பார்லாம்', கூரை போட்ட ஏ, பிறகு எம்-ஈ-எஸ்
நீங்கள் பேசினீர்கள்: 'வூ பார்லாத்', கூரை போட்ட ஏ, பிறகு டீ-ஈ-எஸ்
அவர்கள் பேசினார்கள்: 'ஈல் பார்லேர்', முடிவு ஈ-ஆர்-ஈ-என்-டீ, முதல் ஈ-யின் மேல் இடமிருந்து வலமாக இறங்கும் கோடு

பொது வரிசையிலிருந்து விலகும் குடும்பம் இது ஒன்றுதான். 'நான்' வடிவம் ஏ-ஐ என்று முடிகிறது, 'அவன்' வடிவத்தில் டீ இல்லை, 'அவர்கள்' வடிவத்தில் ஏ போய் ஈ வருகிறது. பார்த்தவுடன் 'அவர்கள், இறந்தகாலம்' என்று பிடிபட வேண்டிய முடிவு இந்த 'ஏர்'.

'ஆலே' (போதல்) நிகழ்காலத்தில் படாதபாடு படுத்தும். இங்கே 'ஆலா', 'ஆலேர்' என்று ஒழுங்காக நிற்கிறது. 'மான்ஜே' (சாப்பிடுதல்) விஷயத்தில் எழுத்தைக் கவனியுங்கள். 'மான்ஜா' என்று எழுதும்போது ஜி-க்கும் ஏ-வுக்கும் நடுவில் ஒரு ஈ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜி 'க' ஒலியாக மாறிவிடும். 'மான்ஜேர்' வடிவத்தில் அந்தக் கூடுதல் ஈ தேவையில்லை.

படி 3: 'ஐ' குடும்பம்

'ஃபினீர்' (முடித்தல்) போல ஐ-ஆர் என முடியும் வினைகளில் பெரும்பாலானவையும், 'வான்த்ர்' (விற்றல்) போல ஆர்-ஈ என முடியும் பல வினைகளும் இங்கே சேரும். 'ஃபினீ, ஃபினீர்'. 'வான்தீ, வான்தீர்'. முதலில் வருவது அவன், அடுத்தது அவர்கள்.

அடிக்கடி வரும் குட்டி வினைகள் சிலவும் இதே வீடுதான். செய்தான் 'ஃபீ', பார்த்தான் 'வீ', சொன்னான் 'தீ', எடுத்தான் 'ப்ரீ', வைத்தான் 'மீ'. உரையாடல் வரும் பக்கங்களில் 'தீ தீல்' என்று ஓயாமல் வரும். 'என்றான்' என்பதுதான் அது.

'எழுதினான்' எப்படி வரும்? இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. நிகழ்காலத்தில் 'நாம்' வடிவம் 'எக்ரிவோன்'. கடைசி 'ஓன்' ஒலியை எடுத்துவிட்டு 'ஈ' சேருங்கள்: 'எக்ரிவீ'. 'கொன்த்வீர்' (ஓட்டுதல்) போன்றவற்றுக்கும் இதே வழி வேலை செய்யும்.

படி 4: 'யூ' குடும்பம்

மிக முக்கியமான இரண்டு வினைகள் இங்கேதான் இருக்கின்றன. 'ஏத்ர்' (இருத்தல்): 'ஃப்யூ, ஃப்யூர்'. 'ஆவ்வார்' (உடைமை): 'யூ, யூர்'. பிறகு அவனால் முடிந்தது 'ப்யூ', விரும்பினான் 'வூல்யூ', அறிந்தான் 'ஸ்யூ', படித்தான் 'ல்யூ', ஓடினான் 'கூர்யூ', இறந்தான் 'மூர்யூ', வாழ்ந்தான் 'வேக்யூ'.

பிறந்தான் என்பது மட்டும் 'நாக்கீ' என்று ஐ குடும்பத்துக்குப் போய்விடும். வாழ்க்கை வரலாறுகளில் இந்த இரண்டு வினைகளையும் ஒரே பத்தியில் பார்ப்பீர்கள். நெப்போலியன் 1769-இல் அஜாக்சியோவில் 'நாக்கீ', 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் 'மூர்யூ'.

எது எந்தக் குடும்பம் என்று ஊகிக்க, பாஸே கொம்போஸேயில் வரும் எச்ச வடிவம் ஓரளவு கைகொடுக்கும். அது 'ல்யூ' என்றால் இங்கும் 'ல்யூ', அது 'ப்ரீ' என்றால் இங்கும் 'ப்ரீ'. முழுதாக நம்பிவிடாதீர்கள். 'வான்த்ர்' வினைக்கு எச்சம் 'வான்த்யூ', ஆனால் கதையில் 'வான்தீ'. பார்த்தலுக்கு எச்சம் 'வ்யூ', கதையில் 'வீ'.

படி 5: 'ஐ-என்' குடும்பம்

'வெனீர்' (வருதல்), 'தெனீர்' (பிடித்தல்), இவற்றிலிருந்து பிறந்த திரும்பி வருதல், ஆகுதல், பெறுதல், நினைவுகூர்தல் போன்றவை. அவ்வளவுதான். வந்தான் 'வே(ன்)', வந்தார்கள் 'வே(ன்)ர்'. அந்த 'ன்' மூக்கொலி மட்டுமே, நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது.

சீசரின் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' பிரெஞ்சில் 'ஜெ வே(ன்), ஜெ வீ, ஜெ வேங்க்கீ'. ஐ-என் குடும்பம் ஒன்று, ஐ குடும்பம் இரண்டு. இலத்தீனில் இதன் மூலம் 'வேனி, வீதி, வீக்கி'. பாஸே சேம்ப்ள் முழுவதுமே இலத்தீன் முற்றுக் காலத்திலிருந்து இறங்கி வந்ததுதான்.

படி 6: எம்பர்ஃபேயோடு சேர்த்துப் படியுங்கள்

தனியே அட்டவணையைப் பார்த்தால் இந்தக் காலத்தின் அழகு தெரியாது. நான் எழுதிய நான்கு சின்ன வாக்கியங்கள் இவை:

'ஈல் ஃபெஸே நுயீ. ஏல் லீஸே. லா போர்த் ஸூவ்ரீ. ஏன் ஓம் ஆன்த்ரா.'

இரவாக இருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஒருவன் உள்ளே வந்தான். முதல் இரண்டும் எம்பர்ஃபே, அதாவது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இன்னொரு இறந்தகாலம். அவை பின்னணி. அங்கே எதுவும் நகரவில்லை. 'ஸூவ்ரீ' வந்ததும் கதை நகர்கிறது. இப்படி வருபவற்றை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தால், ஒரு பக்கத்தின் நிகழ்வுகள் வரிசையாகக் கைக்கு வந்துவிடும்.

கண்ணை ஏமாற்றும் இடங்கள்

'நான் பேசினேன்' ஏ-ஐ என்று முடிகிறது. எம்பர்ஃபேயில் 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' ஏ-ஐ-எஸ் என்று முடிகிறது. ஒரே ஓர் எஸ்தான் வேறுபாடு. பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும்.

'ஈல் ஃபினீ' நிகழ்காலத்திலும் அதே எழுத்து, பாஸே சேம்ப்ளிலும் அதே எழுத்து. 'ஈல் தீ'யும் அப்படியே. சுற்றியுள்ள வினைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னும் வம்பானது 'ஈல் வீ'. 'அவன் பார்த்தான்' என்பதும் அதுதான், 'அவன் வாழ்கிறான்' என்பதும் அதுதான்.

'ஃப்யூ' என்ற 'அவன்' வடிவத்தில் யூ-வின் தலையில் கூரை இருந்தால், அது பாஸே சேம்ப்ள் அல்ல, சுப்ழோங்க்தீஃப் என்ற வேறொரு வடிவம். படர்க்கை ஒருமையில் கூரையைக் கண்டால் நின்று பாருங்கள்.

பயிற்சி

நடத்தல் 'மார்ஷே', தேர்ந்தெடுத்தல் 'ஷ்வாஸீர்', வைத்தல் 'மேத்ர்', நம்புதல் 'க்ர்வார்', திரும்பி வருதல் 'ரெவெனீர்'. ஐந்துக்கும் 'அவன்', 'அவர்கள்' வடிவங்களை எழுதிப் பாருங்கள்.

விடைகள்: 'மார்ஷா, மார்ஷேர்'. 'ஷ்வாஸீ, ஷ்வாஸீர்'. 'மீ, மீர்'. 'க்ர்யூ, க்ர்யூர்'. 'ரெவே(ன்), ரெவே(ன்)ர்'.